எண்ணெய் இல்லாத க்ரீம்

"…அப்போ நானும் போயி அந்தச் சிவப்புக் கட்டத்துல நின்னாத்தான் உன் மனசு ஆறும், அதான சொல்ற?" என்று கேட்டார் எங்கள் சூப்பர்வைசர் அக்கா.

கேன்டீனில், கை கழுவும் குழாய்ப் பக்கம், ஆளுக்கொரு டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தோம். டீ அவர் வாங்கி வந்து என் கையில் கொடுத்தது. நான் அதில் வாய் வைக்கவில்லை. ஏடு கட்டிப்போய்விட்டது.

"ஆமாக்கா, அதேதான்" என்றேன்.

அதைக் கேட்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இந்தக் கதையை வேனில் வரும் பெண்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களில் யாராவது ஒருத்தி, "உனக்கு இவ்வளவு வன்மம் ஆகாதுக்கா" என்பாள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுடி என்பேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஒரகடம் பக்கம். கார் எங்கேயோ செய்கிறார்கள். அதன் பம்பருக்கு மட்டும் நாங்கள் பெயின்ட் அடித்து அனுப்புகிறோம். "காரு நம்மது இல்லட்டி, மீசை மட்டுந்தான் நம்மது" என்பாள் என் ரூம்காரி. அவளும் நானும் கோவில்பட்டிக்காரிகள். வல்லக்கோட்டையில் ஒரு மாடி ரூமில் வாடகைக்கு இருக்கிறோம். கிருத்திகை வந்தால் முருகனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் எங்கள் தெருவுக்குள் நாங்களே நுழைய முடியாது.

என் வேலை துடைப்பது. பெயின்ட் அறைக்குள் போகிறதுக்கு முன்னால் பம்பரை ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். ஒரு கையால் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைப்போம். அதன் மேல் ஒரு பொட்டு எண்ணெயோ, பவுடரோ, சென்ட்டோ பட்டிருந்தால் போச்சு. அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது. தீட்டு மாதிரி விலகி நிற்கும். பெயின்ட் காய்கிற அடுப்பில் வெந்து வெளியே வந்தால் ஊசித் தலை அளவுக்கு ஒரு குழி. டியூப் லைட் வெளிச்சத்தில் அம்மைத் தழும்பு போலத் தெரியும். அந்தப் பம்பர், தரையில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்ட ஒரு கட்டத்துக்குள் போய்விடும். கழித்துக்கட்டினதெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

அதனால் எங்கள் பகுதிக்கு வருகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, முகத்துக்கு எதுவும் பூசக் கூடாது. நியாயமான சட்டந்தான். ஆனால் எங்கள் ஊரில் எண்ணெய் இல்லாத தலையைப் பார்த்தால், வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள். முதல் முறை லீவில் போனபோது பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு சித்தி அப்படிக் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

சட்டத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பு சூப்பர்வைசர் அக்காவிடம் இருந்தது. பென்னலூர்க்காரர். குடும்பத்தின் நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போன பிறகு, அந்தக் கம்பெனிகளிலேயே வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். ஷிப்ட் ஏறும்போது வாசலில் நிற்பார். நாங்கள் ஒவ்வொருத்தியாகத் தலை உறையைக் கழற்றிக் குனிய வேண்டும். உச்சந்தலையில் மூக்கை வைத்து இழுப்பார். "போ" என்றால் போகலாம். "இவுங்க மூக்குக்குப் பதிலா கம்பெனி ஒரு நாய வாங்கியிருந்தா, அது பிஸ்கட் போட்டா வாலாவது ஆட்டும்" என்பாள் ரூம்காரி.

முகர்ந்து முடித்ததும், டப்பாவிலிருந்து ஒரு ஜோடி கையுறை எடுத்து அவர் கையாலேயே தருவார். எங்களை எடுக்க விட்டால் கூட ஒரு ஜோடி அள்ளிக்கொண்டு போய் வீட்டில் பாத்திரம் விளக்குவோமாம். கோயிலில் விபூதி தருகிற மாதிரி அவர் தருவார், நாங்கள் வாங்கிக்கொள்வோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா விடவில்லை. தலை காய்ந்த வைக்கோலாக இருக்கிறது என்று சொல்லி எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டிவிட்டாள். திரும்பி வந்து ஷாம்பு போட்டு, போட்டு, மறுபடியும் போட்டு அலசினேன். ஈரம் போனதும் எண்ணெயும் போய்விட்டது. வாசனை மட்டும் மயிர்க்காலில் எங்கேயோ உட்கார்ந்திருந்தது போல. அன்றைக்குப் பார்த்துப் பம்பர்களில் வரிசையாகக் குழி. மறுநாள் வாசலில் அக்கா என் தலையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "போ" என்று சொல்லவில்லை.

ஷிப்ட் தொடங்குகிறதுக்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசுகிற கூட்டம் ஒன்று தினமும் உண்டு. அந்தக் கூட்டத்தில் என்னைச் சிவப்புக் கட்டத்துக்குக் கூட்டிப் போனார். உள்ளே இடமில்லை. ஒரு பம்பரைக் காலால் தள்ளி இடம் பண்ணினார். "நில்லு" என்றார். நின்றேன். மைக்கை வாங்கினார்.

"தலையில எண்ணெ ஊத்திக்கினு வந்து வண்டிக்கு அம்ம வார்க்க வெச்சவ இவதான். எல்லாரும் நல்லா மூஞ்ச பாத்துக்கோங்க."

சிரித்தார்கள். ரூம்காரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலசி அலசிக் கழுவினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மைக்கோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கூட்டம் கலைகிற வரைக்கும் கழித்த பம்பர்களுக்கு நடுவே நானும் ஒரு கழித்த பம்பராக நின்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு பெயர் வந்தது, எண்ணெய்ச் சட்டி. மத்தியானத்துக்குள் கேன்டீனில் பரிமாறுகிறவருக்கு அது தெரிந்துவிட்டது. சாயங்காலம் வேன் டிரைவர், "எண்ணெய்ச் சட்டி ஏறிட்டியா, எடுக்கலாமா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவனைத் திருப்பித் திட்டலாம்.

துடைக்கும் வேலையிலிருந்து என்னைத் தூக்கிக் குழி தேய்க்கும் வேலையில் போட்டார்கள். குழி விழுந்த பம்பரைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். கையுறைக்குள்ளும் ஸ்பிரிட் இறங்கி ஏற்கெனவே காய்ந்த கை. அதில் கையுறை இல்லாமல் நாள் பூரா தண்ணீரும் உப்புத்தாளும். விரல் மடிப்பெல்லாம் பிளந்துவிட்டது. ரசம் சாதத்தில் கை வைத்தால் உச்சிவரை ஏறும். ரூம்காரிதான் ஸ்பூன் வாங்கி வந்தாள். "துரைசாணியம்மா, சாப்பிடுங்க" என்று நீட்டினாள். சிரித்துக்கொண்டே அழுதேன்.

கம்பெனியின் முதலுதவி அறையில் ஒரு நர்ஸ் அம்மா உண்டு. கையைப் பார்த்ததும், "உங்க செக்ஷனுக்குக் குடுத்த க்ரீம் எங்க?" என்று கேட்டார். எந்தக் க்ரீம் என்றேன். பெயின்ட் வேலை செய்கிறவர்களுக்கென்றே தயாரித்த க்ரீமை, அழுத்தினால் வருகிற பாட்டிலில், ஒவ்வொரு பகுதிக்கும் கொடுத்திருக்கிறார்களாம். எங்கள் பகுதிக்கு வந்தது சூப்பர்வைசர் அக்காவின் இரும்பு பீரோவுக்குள் இருந்தது. பூட்டி.

போய்க் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "அது தேங்கா எண்ணெலயும் விளக்கெண்ணெலயும் செஞ்சுதாம். டப்பாலயே எழுதிக்கீது. எண்ணெ வேணாம்னு நாளெல்லாம் கத்தறேன், என் கையாலயே எண்ணெ எட்த்துக் குடுக்க சொல்றியா?" என்றார். அது இப்போது எண்ணெய் இல்லையாமே அக்கா, வேறயாக மாற்றினதாமே என்று நர்ஸ் அம்மா சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். "என் மாமியார் வூட்லேந்து எவ வந்தாலும் எனக்கு மாமியாதான்" என்றார். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சொன்ன அழகுக்கு மார்க் போடலாம். பூட்டினதுக்குப் போட முடியாது.

நர்ஸ் அம்மா தன்னிடமிருந்த பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்தார். நேராகக் கையில் பூசவில்லை. முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து, "நாளைக்கு வா, செவந்தா சொல்லு, அரிச்சா சொல்லு" என்றார். எண்ணெயை அப்படியே தடவினால் பிசுபிசுக்கும், நாளானால் சிக்கடிக்கும். அதைப் பிரித்து, வேண்டியதை மட்டும் வேறு மாதிரி கோத்தால் மெல்லிசாக, வாசனையில்லாமல், தோலின் பிளவுக்குள் போய் உட்காரும். முகத்துக்குப் போடுகிற க்ரீம், உதட்டுச் சாயம், குழந்தைக்குப் பூசுகிற லோஷன் எல்லாவற்றிலும் இந்த மாதிரிச் சரக்கு இருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் பண்ணாது என்று விளக்கினார். அப்புறம் பொட்டு எதுக்கம்மா என்றேன். "செடிலேர்ந்து வந்ததுன்னா சாமி பிரசாதம்னு நெனைக்காத. அரளியும் செடிதான். ஆலைல செஞ்சதுன்னா விஷம்னும் நெனைக்காத. எதுன்னாலும் உன் தோலு ஒத்துக்கணும். அதுவும் வெடிச்ச கை, தொறந்து கெடக்குற வூடு மாதிரி, எது வேணா உள்ள பூரும்."

என் தோல் ஒத்துக்கொண்டது. சின்ன மருந்துக் கிண்ணத்தில் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். ராத்திரி பூசிப் படுத்தேன். பிளவு மெல்ல மெல்ல மூடியது. மனசு மூடவில்லை. பூசப் பூச ஒரே நினைப்புதான்: இது இத்தனை நாளும் எனக்கு முன்னால் ஒரு பீரோவுக்குள் இருந்தது.

நான் போன பிறகும் குழி நிற்கவில்லை. எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தாகிவிட்டதே, அப்புறம் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எல்லாக் குழியும் தேய்க்க என் கைக்குத்தான் வந்தது. ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பார்த்தேன், பம்பரின் அடி விளிம்பில் நாலு குழி பக்கத்துப் பக்கத்தில் இருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். என் விரல்களை அதன் மேல் வைத்தேன். நாலு விரலுக்கு நாலு குழி. துடைக்கிறவள் தூக்கிப் பிடிக்கிற இடம். அன்றைக்குத் துடைத்தவளோ என் ரூம்காரி. எண்ணெய் என்ற சொல்லுக்கே பயந்து, அப்பளம் பொரித்தால்கூட ரூமுக்கு வெளியே போய் நிற்கிறவள்.

தூக்குகிற கையில் இருப்பது கையுறை. கையுறை வருவது அக்காவின் கையிலிருந்து. அக்காவின் கைப்பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கை கழுவும் இடத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன், பச்சை இலை படம் போட்ட ஒரு க்ரீம் பாட்டில். அழுத்திப் பூசினால் பட்டுத் துணி மாதிரி கை பளபளக்கும்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மூலையில் கூட்டிப் போய் முடித்துவிடுவார்கள். எல்லாரும் பார்க்கிற இடத்தில் அது முடிய வேண்டும் என்று இருந்தது எனக்கு. காத்திருந்தேன். சாப்பிடும்போது, வேனில் வரும்போது, தலை சீவும்போது, உள்ளுக்குள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இடுப்பில் முடிந்து வைத்த நகை மாதிரி.

கடைசியில், குழி ஏன் விழுகிறது என்று பார்க்க, பெயின்ட் விற்கிற கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். சத்தமில்லாத ஆள். அக்கா அவரிடம், பீரோவைத் திறந்து அந்தக் க்ரீம் பாட்டிலை எடுத்துக் காட்டி, "இந்த எண்ணெ க்ரீமாத்தான் இருக்கும் சார், நான் பூட்டி வெச்சும் எவளோ திருடிப் பூசிக்கறா" என்றார். அப்படிச் சொல்லும்போது என் பக்கம் திரும்பினார். என் கை ஆறியிருப்பதை அவரும் பார்த்திருக்கிறார்.

அந்தத் தம்பி பம்பரோடு என் மேஜைக்கு வந்தார். நாலு குழியைக் காட்டினேன். விரலை வைத்துக் காட்டினேன். "எல்லார் பூசறதையும் வாங்கிப் பாருங்க சார். எங்களதும், கையுறை குடுக்கறவங்களதும்" என்றேன்.

எங்கள் எல்லாரிடமும் கேட்டார். தேங்காய் எண்ணெய்ப் பொட்டலம், பூட்டி வைத்த க்ரீம், என் தலை உறை, சீல் உடைக்காத கையுறை, அக்கா எடுத்துக் கொடுத்த கையுறை எல்லாம் மேஜைக்கு வந்தன. அக்காவும் கைப்பையைத் திறந்தார். இதில் நான் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் தயங்கவே இல்லை. இலை படம் போட்ட பாட்டிலைப் பெருமையாக மேஜையில் வைத்தார். "நான் சட்டத்த மீறுவனா சார்? ஸ்ரீபெரும்புதூர்ல பார்லர்ல கேட்டுக் கேட்டு வாங்கனது. எண்ணெயே இல்லாத க்ரீம். மேலயே எழுதிக்கீது பாருங்க." உண்மைதான். எழுதியிருந்தது.

சின்னச் சின்னத் தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைத் தொட்டுத் துடைத்து, பெயின்ட் அடித்து அடுப்புக்கு அனுப்பினார்கள். வெளியே வந்தபோது பகுதி முழுக்கச் சுற்றி நின்றது. தேங்காய் எண்ணெய்த் தகட்டில் குழி இருந்தது. அதை மறைக்க மாட்டேன், சட்டம் சரிதான். என் தலை உறைத் தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. பூட்டி வைத்த க்ரீம் தகடும் கண்ணாடி. சீல் உடைக்காத கையுறைத் தகடும் அப்படியே. அக்கா கையால் கொடுத்த கையுறைத் தகட்டில் குழிகள். எண்ணெய் இல்லாத க்ரீம் தகட்டில் பெயின்ட்டே இல்லை என்று சொல்லலாம், மணலில் மழை விழுந்த மாதிரி இருந்தது.

"இதுல எண்ணெய் இல்லைங்க, வாஸ்தவம். எண்ணெய்க்குப் பதிலா சிலிக்கோன் போட்டிருக்காங்க" என்றார் அந்தத் தம்பி. "அதனாலதான் கை வழவழன்னு இருக்கும். தோலுக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல. பெயின்ட்டுக்குத்தான் ஆகவே ஆகாது. வாசனையும் கிடையாது, மூக்குல மாட்டாது."

மூக்கில் மாட்டாது. அந்த வார்த்தைக்கு நான் அவருக்கு ஒரு படி பாயசம் வைத்துக் கொடுத்திருப்பேன்.

ஆனால் அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். மேனேஜர் வந்தார், கையுறை டப்பாவைச் சுவரில் மாட்டச் சொன்னார், பூட்டிய க்ரீமைக் கை கழுவும் இடத்தில் வைக்கச் சொன்னார், அக்காவிடம் அந்தப் பாட்டிலை இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்றார். போய்விட்டார். அவ்வளவுதான். என்னைக் கட்டத்தில் நிறுத்த மைக் இருந்தது. இதைச் சொல்ல மைக் இல்லை. தகடுகளைப் பார்த்தது எங்கள் பகுதி மட்டும். மற்றவர்களுக்கு நான் அதே ஆள்தான். சாயங்காலம் வேன் டிரைவர், "எண்ணெய்ச் சட்டி ஏறிட்டியா?" என்றார்.

மறுபடியும் துடைக்கிற வேலைக்கு வா என்று கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றேன். என்னை எங்கே வைத்துப் பெயர் சூட்டினார்களோ அங்கே வைத்து அதைக் கழற்றினால் வருகிறேன், இல்லாவிட்டால் குழியே தேய்க்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "விட்டுத் தொலையேன் ஏட்டி, அவுங்க முகத்தப் பாத்தா பாவமா இருக்குல்லா" என்றாள் ரூம்காரி. பாவம் பார்க்கிற இடத்தில்தான் எனக்குப் பிளந்து கிடந்தது.

அதற்கப்புறம்தான் அக்கா கேன்டீனில் டீயோடு வந்தார். மத்தியான ஷிப்டுக்குக் கூட்டம் போடுகிறதுக்குக் கொஞ்சம் முன்னால். "தெரியாம பண்ணிட்டேம்மா, மனசுல வெச்சுக்காத" என்றார். தன் கையை விரித்துக் காட்டினார். பளபளப்பு போயிருந்தது. விரல் மடிப்பெல்லாம் பிளவு. "உன்ன மாதிரி நானும் தொடச்ச கைதான். அந்த க்ரீம் இல்லன்னா என்னால சோறு பெசைய முடியாது. அதான் தேடிப் புடிச்சு வாங்கனேன்."

இந்த இடத்தில் என் மனசு உருகியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உருகவில்லை. எரிந்தது. அந்த வலி தெரியாத ஒருத்தி பூட்டியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இவருக்குத் தெரியும். ரசம் பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்த கைதான் அந்தப் பீரோவைப் பூட்டியது. தனக்கு ஒன்று கைப்பையில் இருக்க, எங்களுக்கென்று வந்ததைப் பூட்டியது.

"மன்னிப்பு இங்க வேண்டாம்க்கா. கேன்டீன்ல கேக்கறதுக்கு என்னை நீங்க கேன்டீன்லயா நிறுத்துனீங்க?" என்றேன்.

அப்போதுதான் அவர் கேட்டார், சிவப்புக் கட்டத்தைப் பற்றி. நான் ஆமாம் என்றேன்.

அவர் டம்ளரைக் கழுவும் தொட்டியில் வைத்தார். கூட்டம் நடக்கிற பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஷிப்ட் ஆட்கள் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் வைத்திருந்தவரிடமிருந்து அதை வாங்கினார். சிவப்புக் கட்டத்தில் அன்றைக்கும் இடமில்லை. ஒரு பம்பரைக் காலால் தள்ளினார், உள்ளே போய் நின்றார். "குழி விழுந்தது என் கையால. இவ தலையால இல்ல. இனிமே இவள எவனும் அந்தப் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது" என்றார். மைக்கைக் கீழே வைத்தார். நான் கோட்டுக்கு வெளியே, அவருக்கு எதிரில் போய் நின்றேன். தன் தலை உறையைக் கழற்றினார், வாசலில் நாங்கள் குனிகிற மாதிரியே குனிந்து, உச்சந்தலையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.